ஸ்டோர் அறையில் கெட்டுப்போகும் கூடாரங்கள்

மாணவர்களே, உங்கள் பள்ளியின் முகாம் கூடாரங்கள் இப்போது எங்கே இருக்கின்றன?

சாரணர், கடேட், செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் என நீங்கள் எந்தச் சீருடை இயக்கத்தில் இருந்தாலும் சரி, இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். "ஸ்டோர்ல இருக்கும் டீச்சர்" என்பதுதான் எனக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். ஸ்டோரில் எங்கே? அலமாரியிலா, சிமெண்டுத் தரையிலா? கடைசியாக மடித்து வைத்தது யார்? மடித்தபோது அது காய்ந்திருந்ததா? இப்படி நான் கேட்கத் தொடங்கினால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இப்போது இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். கிழக்குக் கரைத் தீவுகளில் தங்கும் விடுதிகள் பெரும்பாலும் பிப்ரவரி வரை கதவை மூடிவிடும். பள்ளி முகாம்களும் ஓய்ந்துவிடும். 2022 டிசம்பரில் பத்தாங்காலி முகாம் தளத்தில் நிலம் சரிந்து 31 பேர் மாண்ட பிறகு, மழைக்காலத்தில் பிள்ளைகளை மலையடிவாரத்துக்கு அழைத்துப் போகப் பள்ளிகள் தயங்குவது நியாயம்தான். ஆகவே அடுத்த மூன்று நான்கு மாதங்களுக்கு உங்கள் கூடாரங்கள் பைக்குள்ளேயே கிடக்கப் போகின்றன. அந்த மாதங்களில் அவற்றுக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் இந்த வாரம் பேசப் போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த பள்ளிக் கூடாரங்களில் முள் கிழித்தோ காற்று முறித்தோ கெட்டவை மிகக் குறைவு. சும்மா கிடந்து கெட்டவையே அதிகம். மாணவர்களின் சோம்பல்தான் காரணம் என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. முகாம் எப்போது முடிகிறது என்பதைப் பெரியவர்களாகிய நாங்கள் தவறாகக் கணக்கிட்டு வைத்திருக்கிறோம். பேருந்து பள்ளி வாசலில் வந்து நின்றதும் முகாம் முடிந்ததாகக் கணக்கு. கூடாரம் காய்ந்து, எடை பார்த்து, பெட்டிக்குள் போன பிறகே முடிந்ததாகக் கணக்கு வைக்க வேண்டும் என்கிறேன்.

இதை நான் ஒரு தவற்றிலிருந்துதான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் சாரணியர் இயக்கத்துக்குப் பொறுப்பாசிரியையாக இருந்தேன். ஆண்டின் கடைசி முகாமை முடித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பினோம். அன்று காலையில் நல்ல மழை. கூடாரங்களை உதறி, சுருட்டி, பைக்குள் திணித்து ஏற்றியிருந்தோம். பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது பெற்றோர் வாசலில் காத்திருந்தார்கள். எல்லாருக்கும் களைப்பு. "திங்கட்கிழமை காயப் போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லி ஸ்டோரைப் பூட்டியது நான்தான். திங்கட்கிழமை தேர்வுத் தாள் திருத்தும் வேலை வந்தது. பிறகு விடுமுறை வந்தது.

மார்ச்சில் அடுத்த முகாம். பைகளைத் திறந்து பார்க்காமலேயே லாரியில் ஏற்றினோம். அது இரண்டாவது தவறு. தளத்தில் போய்ப் பிரித்தபோது ஆறு கூடாரங்களில் நான்கின் மேல்விரிப்பு தன்னோடு தானே ஒட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தால் பாம்புச் சட்டைபோல் மெல்லிய படலம் உரிந்து வந்தது. புளித்த வாந்தி போன்ற நாற்றம். வேறு வழியில்லாமல் அவற்றையே கட்டினோம். இரவு இரண்டு மணிக்கு மழை பிடித்தது. சல்லடையில் ஊற்றினாற்போல் தண்ணீர் உள்ளே இறங்கியது. படிவம் ஒன்று மாணவிகளை எழுப்பி, டார்ச் வெளிச்சத்தில் தளத்து மண்டபத்துக்கு நடத்திக்கொண்டு போனோம். நல்லவேளையாக மண்டபம் என்று ஒன்று இருந்தது.

அவர்களில் ஒரு மாணவி, வீட்டை விட்டு வெளியே தங்கியது அதுவே முதல் முறை. அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்க அவள் அப்பாவிடம் நானே இரண்டு முறை தொலைபேசியில் பேசியிருந்தேன். காலையில் அவர் வந்து மகளை அழைத்துக்கொண்டு போனார். என்னைத் திட்டவில்லை. "பரவாயில்லை டீச்சர்" என்றார், அவ்வளவுதான். அதன்பின் அவள் எந்த முகாமுக்கும் வரவில்லை. அந்தக் கூடாரங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் கேண்டீன் தினத்தில் வடையும் மீ கோரெங்கும் விற்றுச் சேர்த்த பணத்தில் வாங்கியவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உலர்ந்த இடம் எங்கே இருக்கிறது?

கூடாரப் பையின் உள்பக்கம் தைத்திருக்கும் துணிச்சீட்டைப் படித்திருக்கிறீர்களா? குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லி அதில் ஒரு வரி இருக்கும். நல்ல அறிவுரைதான். நம் நாட்டில் அப்படி ஓர் இடம் எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் அந்தச் சீட்டு சொல்வதில்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. 27 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 26 கிராம் நீராவியைத் தாங்கும். அந்த அளவில் எத்தனை பங்கு இப்போது காற்றில் இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். நம் நாட்டில் அது சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். அப்படியானால் ஒரு கன மீட்டருக்கு 21 கிராம் தண்ணீர். குளிர்நாட்டு வீடொன்றில், 20 டிகிரியும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையை எடுத்துக்கொண்டால், அதே ஒரு கன மீட்டரில் 9 கிராமுக்கும் குறைவு. அந்த நாட்டுக்காரர் "உலர்ந்த அலமாரி" என்று சொல்வதும் நாம் சொல்வதும் ஒன்றல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த 21 கிராம் நீராவி உள்ள காற்று, இரவில் மழை பெய்து 23 டிகிரிக்குக் குளிர்ந்தால் என்ன ஆகும்? அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய அளவே ஏறக்குறைய அவ்வளவுதான். ஒப்பு ஈரப்பதம் 100 விழுக்காட்டைத் தொட்டுவிடும். அதற்கு மேல் குளிர்ந்தால் மிச்சம் நீர்த்துளியாக இறங்கும். படிக்கட்டின் கீழே சன்னல் இல்லாமல் இருக்கும் ஸ்டோர் அறையின் தகரக் கதவில், காலையில் கை வைத்துப் பாருங்கள். பகலில் வந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் இரவில் அங்கேயே படிகிறது. சிமெண்டுத் தரையும் தன் பங்குக்கு நுண்துளைகள் வழியே மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கிறது. உங்கள் கூடாரம் அந்தத் தரையில்தான் கிடக்கிறது.

பெரும்பாலான பூஞ்சணங்கள் வளர 70 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் போதும். வித்துகள் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டிருப்பவை. அவற்றை யாரும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. "டீச்சர், கூடாரம் நைலான்தானே, பூஞ்சணம் பிளாஸ்டிக்கைத் தின்னுமா?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. நைலானையும் பாலியெஸ்டரையும் அது எளிதில் தின்னாது. நீங்கள் அந்தத் துணிமேல் விட்டு வந்ததைத்தான் தின்னும்: வியர்வை, மண், இலைச்சாறு, கூடாரத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட்ட மேகியின் சூப். பழைய கான்வாஸ் கூடாரமும் சணல் கயிறும் வைத்திருக்கும் பள்ளிகளுக்கு இதைவிடக் கஷ்டம். அவை செல்லுலோஸ். துணியே உணவாகிவிடும். அட்டைப் பெட்டியும் செல்லுலோஸ்தான். கூடாரத்தை அட்டைப் பெட்டிக்குள் வைப்பது கரையானுக்கு அழைப்பிதழ் அனுப்புவதற்குச் சமம்.

ஆகவே காயவைப்பதற்கு முன் கழுவ வேண்டும். மென்மையான சோப்பு, பஞ்சு, தண்ணீர் போதும். துவைக்கும் இயந்திரம் வேண்டாம், குளோரின் கலந்த பிளீச் வேண்டவே வேண்டாம். கறை போகிறதோ இல்லையோ, நீர்புகாப் பூச்சு போய்விடும்.

ஒட்டும் கூடாரத்தின் வேதியியல்

அந்தப் பூச்சுக்கு வருவோம். நைலான் துணி நெய்யப்பட்டது. இழைகளுக்கிடையே துளை உண்டு, தண்ணீர் ஒழுகும். ஒழுகாமல் இருப்பதற்குக் காரணம் உள்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் என்ற பல்லுறுப்பி. 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயரும் அவருடன் வேலை செய்தவர்களும் உருவாக்கியது. உங்கள் காலணியின் அடிப்பகுதியிலும் நாற்காலிப் பஞ்சிலும் இருப்பது இதே குடும்பம்தான். நன்றாக வைத்திருந்த காலணியின் அடிப்பாகம், இரண்டு வருடம் கழித்து ஒரு திருமணத்துக்குப் போட்டுக்கொண்டு போன அன்று பொடிப்பொடியாக உதிர்ந்த கதை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். கூடாரத்துக்கு நேர்வதும் அதுதான்.

படிவம் ஐந்தில் எஸ்டர் தயாரித்திருப்பீர்கள், அல்லது இனி தயாரிப்பீர்கள். எத்தனாலையும் எத்தனாயிக் அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் பழவாசனையுள்ள எஸ்டர் கிடைக்கும், தண்ணீர் வெளியேறும். இந்த வினை திரும்பியும் நடக்கும். எஸ்டரோடு தண்ணீர் சேர்ந்தால் அது மீண்டும் ஆல்கஹாலாகவும் அமிலமாகவும் பிரியும். இதற்கு நீராற்பகுத்தல் என்று பெயர். கூடாரங்களில் பூசும் பாலியூரித்தேனில் பல வகைகளின் நீண்ட சங்கிலிகளில் எஸ்டர் பிணைப்புகள் உண்டு. ஈரமான காற்றிலிருந்து வரும் நீர் மூலக்கூறுகள் அந்தப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கின்றன. சங்கிலி அறுந்து குட்டையானால் திடமான படலம் பிசுபிசுப்பாகிவிடும். பிணைப்பு அறும்போது உண்டாகும் அமிலம் அடுத்த அறுப்பை இன்னும் வேகப்படுத்தும். அதனால்தான் முதல் இரண்டு வருடம் நன்றாக இருந்த கூடாரம் மூன்றாம் வருடம் திடீரென்று கெட்டுப்போனதாக நமக்குத் தோன்றுகிறது. கேடு முதல் நாளே தொடங்கியிருக்கும், நம் கைக்குத் தெரிய அவ்வளவு நாள் ஆகிறது.

வினைவேகத்தைப் பற்றி நீங்கள் படிக்கும் அதே விதி இங்கும் பொருந்தும். பல வினைகளில் 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வெயிலில் நிற்கும் காரின் உள்ளே 50 டிகிரியை எட்டும். "அடுத்த முகாம்வரை கார் பூத்தில் கிடக்கட்டும்" என்று அப்பா சொன்னால் இந்தக் கணக்கை அவருக்குச் சொல்லுங்கள். ஈரமும் சூடும் சேர்ந்த இடம் அதைவிட வேறில்லை.

ஒட்டத் தொடங்கிய கூடாரத்தைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்பீர்கள். அறுந்த சங்கிலிகள் திரும்பச் சேராது. பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுபவர்கள் இருக்கிறார்கள். அது பெரும்பாடு, பள்ளிக்கு ஒத்து வராது. கம்புகளையும் முளைகளையும் கயிறுகளையும் உதிரிப் பொருளாக எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டியதுதான்.

நானூறு பொட்டலங்கள்

"சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்திருக்கிறோம் டீச்சர்" என்று சொல்பவர்களும் உண்டு. புதுக் காலணிப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு குட்டிப் பொட்டலத்தைக் கூடாரப் பைக்குள் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பு.

ஒரு முறை என் மாணவிகள், பயணப்பெட்டிக்கு எடை பார்க்கும் கொக்கித் தராசில் நான்கு பேர் தங்கும் கூடாரம் ஒன்றைத் தொங்கவிட்டார்கள். உதறி மடித்த ஈரக் கூடாரம் 4 கிலோ. நன்றாகக் காய்ந்தபின் 3.4 கிலோ. உதறியாயிற்று, ஈரமில்லை என்று எல்லாரும் சத்தியம் செய்த கூடாரத்தில் 600 கிராம் தண்ணீர், ஒரு பெரிய மினரல் வாட்டர் போத்தல் அளவு. சிலிக்கா ஜெல் தன் எடையில் 30 விழுக்காடுவரை நீரைப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 5 கிராம் பொட்டலம் ஒன்றரை கிராம் பிடிக்கும். 600 கிராமுக்கு எத்தனை பொட்டலம்? 400.

சிலிக்கா ஜெல்லைக் குறை சொல்லவில்லை. அது அருமையான பொருள். ஒரு கிராமின் நுண்துளைகளின் உட்பரப்பை விரித்தால் பல நூறு சதுர மீட்டர் வரும். அந்தப் பரப்பில் நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. காய்ந்த கூடாரத்தை, மூடி இறுகும் பெட்டிக்குள் வைத்து, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றின் ஈரத்தை எடுக்க அதைப் பயன்படுத்தினால் நன்றாக வேலை செய்யும். ஈரக் கூடாரத்தைக் காயவைக்க அதனால் முடியாது. திறந்த பைக்குள் போட்டால், மலேசியா முழுவதையும் காயவைக்கப் பார்த்து, சில நாளில் தானே நிறைந்துபோகும். நிறம் மாறும் வகை மணிகளாக இருந்தால் நிறைந்துவிட்டதைக் கண்ணால் பார்க்கலாம். ஏறக்குறைய 120 டிகிரியில் அவனில் சூடாக்கினால் அந்த மணிகளை மறுபடியும் பயன்படுத்தலாம். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் மணிகளில் இருப்பது கோபால்ட் குளோரைடு, நச்சுத்தன்மை உள்ளது. அதை வீட்டுச் சமையல் அவனில் வைக்காதீர்கள்.

பேரங்காடியில் விற்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டிகளில் இருப்பது கால்சியம் குளோரைடு. அது நீரை இழுத்து இழுத்துத் தானே கரைந்து, பெட்டியின் அடியில் உப்புநீராகச் சேரும். அலமாரிக்கு நல்லதுதான். கவிழ்ந்தால் அந்த உப்புநீர் ஜிப்பையும் கம்பையும் அரித்துவிடும் என்பதால் கூடாரத்தோடு ஒரே பெட்டியில் வைக்கமாட்டேன்.

உப்பு என்றதும் போர்ட்டிக்சன் நினைவுக்கு வருகிறது. கடற்கரையில் முகாம் போட்டவர்கள் கட்டாயம் நல்ல தண்ணீரில் கூடாரத்தை அலச வேண்டும். இதற்கு ஓர் அழகான காரணம் இருக்கிறது. சோடியம் குளோரைடு, ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். நம் சராசரி 80. அதாவது, கடலுப்புப் படிந்த கூடாரம் நம் ஊர்க் காற்றில் என்றைக்கும் முழுதாகக் காயாது. சாப்பாட்டுக் கடையில் உப்புக் குப்பிக்குள் அரிசி போட்டு வைத்திருப்பதன் காரணமும் இந்த 75தான்.

சரி, எப்படிக் காயவைப்பது? வெயிலில் விரித்துப் போட்டால் சீக்கிரம் காயும் என்று தோன்றும். நம் நாட்டு வெயிலில் புறஊதாக் கதிர் கடுமையானது, நைலான் இழைகளைப் பலவீனப்படுத்தும். நிழலும் காற்றும்தான் வேண்டும். பூப்பந்து வலைக் கம்பங்களுக்கிடையே கயிறு கட்டி, பள்ளி மண்டபத்தின் மின்விசிறிகளைப் போட்டுவிட்டால் போதும். துணியை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றை விசிறி தள்ளிக்கொண்டே இருக்கும். முடிந்தால் கடைசி ஒரு மணி நேரம் குளிர்சாதன அறையில் விரித்து வையுங்கள். குளிர்சாதனம் காற்றிலிருந்து தண்ணீரை எடுக்கிறது என்பதற்கு வெளியே சொட்டும் குழாயே சாட்சி. அந்த அறையிலேயே பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்லாதீர்கள். தராசில் தொங்கவிடுங்கள். அரை மணி இடைவெளியில் இரண்டு முறை எடை மாறாமல் இருந்தால் காய்ந்துவிட்டது. அந்த எடையைப் பையின்மேல் அழியாத மையில் எழுதி வையுங்கள். நைலான் தானே கொஞ்சம் ஈரம் வாங்கும் பொருள் என்பதால் ஒரு நூறு கிராம் ஏறி இறங்கலாம். அதற்கு மேல் போனால் யாரோ பொய் சொல்கிறார்கள். கூடாரம் பொய் சொல்லாது.

குளிர்நாட்டு மலையேறிகள் பலர், கூடாரத்தைக் காற்றுப் புகும் பருத்திப் பையில் தளர்வாக வைக்கச் சொல்வார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. இங்கே காற்றுப் புகும் பை என்றால் 80 விழுக்காடு ஈரம் புகும் பை. நன்றாகக் காயவைத்து, ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு அடைத்து, தரையிலிருந்து தூக்கி வைப்பதே நமக்குப் பொருந்தும் என்பது என் கட்சி. காயாமல் அடைத்தால் அதே பெட்டி பூஞ்சணப் பண்ணையாகும் என்பதையும் மறைக்கவில்லை.

கூடாரம் மட்டுமல்ல

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்லீப்பிங் பேக் உங்களைச் சூடாக வைப்பது அதன் இழைகளால் அல்ல, இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றால். மாதக்கணக்கில் சிறு பைக்குள் நசுக்கி வைத்தால் இழைகள் தட்டையாகிப் பழைய உப்பலுக்குத் திரும்பாது. போர்ட்டிக்சனில் அது தெரியாது. கினபாலு மலையில் இரவு தங்கும்போது தெரியும். பெரிய தலையணை உறையில் தளர்வாகப் போட்டுக் கொடியில் தொங்கவிடுங்கள்.

டார்ச்சிலிருந்து பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். ஆல்கலைன் பேட்டரி உள்ளே கிடந்து தீரும்போது ஹைட்ரஜன் வாயு சேர்ந்து, அழுத்தம் தாங்காமல் அடைப்பு விட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசியும். அது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடோடு சேர்ந்து உண்டாவதுதான் நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொடி. கையுறை போட்டுக்கொண்டு, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் துடையுங்கள். காரத்தை அமிலம் நடுநிலையாக்கும். பவர் பேங்கை முழுதாக நிரப்பியும் வைக்காதீர்கள், காலியாகவும் வைக்காதீர்கள். பாதியளவு போதும்.

அடுப்புக்கான கேஸ் டின்னைக் கூடாரங்களோடு ஒரே பூட்டிய அறையில் வைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். டின்னின்மேலேயே 50 டிகிரிக்கு மேல் சூடு படக்கூடாது என்று எச்சரிக்கை இருக்கும். பியூட்டேனின் மூலக்கூறு நிறை 58, காற்றின் சராசரி 29. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கி நிற்கும். காற்றோட்டமுள்ள, நிழலான, மின்சாரச் சுவிட்சு இல்லாத இடம் வேண்டும். மாணவர்களாகிய உங்களுக்கு அந்த இடத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை என்று தெரியும். பொறுப்பாசிரியரிடம் கேட்கும் உரிமை இருக்கிறது.

நேரம் எங்கே?

இதெல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது, யாருக்கு நேரம் என்று என் சக ஆசிரியர்களே கேட்பார்கள். ஞாயிறு மாலை களைத்து வரும் பிள்ளைகளை இன்னும் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைக்க நானும் சொல்லமாட்டேன். என் யோசனை இதுதான்: முகாமின் நிகழ்ச்சி நிரலில் அடுத்த புறப்பாட நாளையும் சேர்த்து அச்சடித்துவிடுங்கள். "நான்காம் நாள், புதன்கிழமை: காயவைத்தல், எடை பார்த்தல், பெட்டியில் வைத்தல்." அதுவரை ஒரு கூடாரத்துக்கு ஒருவர் என்று வீட்டுக்கு எடுத்துப் போய் ஐந்தடியிலோ அடுக்குமாடி வராந்தாவிலோ பிரித்துத் தொங்கவிடட்டும். பைக்குள் மட்டும் இருக்கக்கூடாது. புதன்கிழமை வராதவருக்கு முகாமில் கலந்துகொண்ட கணக்கு இல்லை. கூடாரம் கட்டும் போட்டிக்கு நிறுத்தக் கடிகாரம் வைத்து மதிப்பெண் கொடுக்கிறோம். அதைக் காப்பாற்றி வைத்தவருக்கு ஒரு மதிப்பெண்ணாவது உண்டா?

இப்போது கூடாரம் மலிவாகக் கிடைக்கிறது, கெட்டால் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்பது இன்னொரு வாதம். மலிவு என்பது யாருக்கு என்று கேட்பேன். ஐம்பது பேர் படிக்கும் பள்ளியின் இயக்கத்துக்கு ஆறு கூடாரம் என்பது ஒரு வருடச் சேமிப்பு. தவிர, பூச்சு உரிந்த நைலானை மறுசுழற்சிக்குக் கொடுத்துப் பாருங்கள், வாங்க ஆள் இருக்காது. குப்பைமேட்டுக்குத்தான் போகும்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஸ்டோர் சாவி யாரிடம் என்று கேட்டு வாங்கி, ஆசிரியரோடு போய், கூடாரப் பைகளைத் திறந்து முகர்ந்து பாருங்கள். மண்வாசனை அடித்தால் பூஞ்சணம். புளித்த நாற்றம் அடித்தால் பூச்சு போய்க்கொண்டிருக்கிறது. எந்த வாசனையும் இல்லையென்றால் இன்னும் நேரம் இருக்கிறது, பருவமழை வலுக்கும் முன் மண்டபத்தில் தொங்கவிடுங்கள்.

அந்த நான்கு கூடாரங்களில் ஒன்றிலிருந்து ஒரு சாண் துணியை வெட்டி, மூடியுள்ள போத்தலில் போட்டு இன்றுவரை வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் எஸ்டர் பாடம் வரும்போது, பழவாசனையுள்ள சோதனைக்குழாய் வகுப்பைச் சுற்றி வந்த பிறகு, இந்தப் போத்தலையும் அனுப்புவேன். முதல் வரிசை மூக்கைப் பொத்திக்கொள்ளும். கடைசி வரிசையிலிருந்து, "டீச்சர், இது எங்க ஸ்டோர் வாசனை" என்று யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார்.